தந்தையின் இறப்பு, ஊர் மாற்றம், பள்ளி மாற்றம்: ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

மாணவனையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

## பின்னணி

மாணவனுக்கு வயது 14. திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் ஒன்பதாம் வகுப்பு படித்துவந்தான். அப்பா சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து, சாயப்பட்டறைக்கும் கம்பெனிகளுக்கும் இடையே துணி பண்டல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலாம் வகுப்பில் ஒரு தங்கை. லைன் வீட்டில் குடியிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு, லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் லாரி மோதி அப்பா இறந்துபோனார். சனிக்கிழமை லோடு நடைக்கு மகனையும் வண்டியில் உடன் கூட்டிப்போவது வழக்கம். அன்று அவன் போகவில்லை. இந்த ஒரு தகவல் பள்ளிக்குத் தெரியவரும்போது இரண்டரை மாதம் கடந்திருந்தது.

உடலைச் சொந்த ஊரான புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மகன் என்பதால் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தவன் அவன்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் விடாமல் சொன்னது: "இனிமே வீட்டுக்கு நீதான்ப்பா ஆம்பள. நீ அழுதா அம்மா தாங்காது." பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வாடகை கொடுத்துத் திருப்பூரில் இருக்க முடியாது என்று குடும்பம் முடிவெடுத்தது. லைன் வீட்டுச் சாமான்களைத் தாய்மாமன் போய் ஏற்றிவந்தார். மாணவன் போகவில்லை, பழைய வகுப்பில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அப்பா, வீடு, பள்ளி, கூட்டாளிகள், பாட மொழி எல்லாம் ஐந்து வாரத்துக்குள் போய்விட்டன.

## சேர்க்கை

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து, அக்டோபர் முதல் வாரத்தில் தாய்மாமன் அவனைக் கிராமத்துக்கு அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை. அம்மா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பழைய பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவோ துக்கம் காப்பதால் அவ்வளவு தூரம் கிளம்பும் நிலையில் இல்லை. அங்கே பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பெயரை விடுவிக்காதவரை இங்கே பதிவு ஏறாது. பதிவு ஏறாவிட்டால் வருகைப் பதிவு, பாடநூல், பஸ் பாஸ் எதுவும் கிடையாது.

மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் செல்லும். தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணனைத் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் அன்றே வகுப்பில் உட்காரவைத்தார். கூடுதலாக இருந்த பாடநூல் ஒரு செட் கொடுக்கப்பட்டது. துக்கத்தில் இருக்கும் பிள்ளையை "பேப்பர் வந்ததும் வா" என்று திருப்பி அனுப்பினால், அவன் திரும்பி வராமலே போகும் வாய்ப்பு அதிகம்.

மாற்றுச் சான்றிதழ் வர மேலும் மூன்று வாரம் ஆனது. பழைய பள்ளியிலிருந்து அந்தத் தாளைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

## கவனித்தவை

முதல் பத்து நாளில் ஆசிரியர்கள் அவனைப் பற்றிச் சொன்னது ஒரே சொல்: "பக்குவமான பையன்." கடைசி பெஞ்சு, சத்தம் கிடையாது, எழுதச் சொன்னால் எழுதுவான். அழவில்லை. இழப்புக்குப் பிறகு இந்தப் பெயர் வாங்கும் பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அழுது அடம்பிடிக்கும் பிள்ளைக்கு யாராவது ஒருவர் உதவிக்கு வந்துவிடுவார்.

வகுப்பாசிரியை ஒரு நோட்டில் தேதி, பாடவேளை, கண்டது, அவன் சொன்னது என்று நான்கு பத்தி போட்டு எழுதிவந்தார். கருத்து எழுதுவதில்லை, "சோர்வு" என்றோ "சோம்பல்" என்றோ எழுதாமல், "ஏழாம் பாடவேளை, மேசைமேல் தலைவைத்துத் தூக்கம், எழுப்பியதும் திடுக்கிட்டான்" என்று எழுதினார். மூன்று வாரத்தில் அந்த நோட்டு காட்டியவை இவை.

இரண்டாம் பாடவேளைக்குப் பிறகு வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகக் கேட்கிறான். மதியத்துக்கு மேல் கண் சொக்குகிறது. அறிவியல் வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறப்பதில்லை. ஆங்கில வழியில் படித்துவந்தவனுக்கு ஒளிச்சேர்க்கை, திசைவேகம் போன்ற தமிழ்ச் சொற்கள் புதிதாக இருக்கின்றன. தலையில் முடி வளரும்வரை சிலர் "மொட்டை" என்று கூப்பிட்டார்கள். அதற்கு அவன் எதிர்வினை காட்டவில்லை.

வயிற்றுவலிக்கு முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டப்பட்டது. மனசுதான் காரணம் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டு உண்மையான நோயைத் தவறவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. உடலில் கோளாறு இல்லை. ஆனால் காலை உணவு சாப்பிடுவதில்லை என்பது அங்கேதான் தெரியவந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து மாமாவின் டீக்கடையில் நின்றுவிட்டு, நேரே பள்ளிக்கு வருகிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, அவனாகவே போனது அது.

வயிற்றுவலி வந்த தேதிகளை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. வாரிசுச் சான்றிதழுக்கும் காவல் நிலையத்துக்கும் வக்கீலைப் பார்க்கவும் என்று அம்மா பஸ் ஏறிய நாட்களும் அவனுக்கு வயிறு வலித்த நாட்களும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன. அம்மா போய்ச் சேர்ந்தாரா, திரும்பி வந்தாரா என்று தெரிந்துகொள்ள அவனிடம் இருந்த ஒரே வழி வீட்டுக்குப் போவதுதான்.

## மதிப்பீடு

பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை மதிப்பிடும், 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.க்யூ. வினாத்தாளின் தமிழ் வடிவம் பயன்படுத்தப்பட்டது. ஆசிரியர் நிரப்பும் படிவத்தில் மொத்தம் 13 வந்தது. அதில் 12 முதல் 15 வரை எல்லைநிலை. அவனே நிரப்பியதில் 21. மாணவர் படிவத்தில் 20 அல்லது அதற்கு மேல் என்றால் கவலைக்குரிய நிலை. உணர்ச்சிப் பிரிவில் மட்டும் அவன் போட்டது 10-க்கு 8. ஆசிரியருக்குத் தெரிந்ததற்கும் அவனுக்குள் இருந்ததற்கும் உள்ள இடைவெளி இந்த இரண்டு எண்களில் தெரிந்தது. ஆசிரியர் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தியிருந்தால் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத்தான் தோன்றியிருக்கும். இந்த வினாத்தாள் நோயைக் கண்டறியும் கருவி அல்ல. யாரை உடனே பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

## நோட்டின் கடைசிப் பக்கம்

அக்டோபர் கடைசியில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: "நானும் வண்டில போயிருக்கணும்."

அன்றே பேச வேண்டும் என்று முடிவானது. யார் பேசுவது என்பதில்தான் யோசனை. வகுப்பாசிரியையிடம் அவனுக்கு மரியாதை உண்டு, பேச்சு கிடையாது. மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியரிடம் மட்டும் அவனாக நாலு வார்த்தை பேசுவதைப் பலரும் கவனித்திருந்தார்கள். பதவியைப் பார்க்காமல் பிள்ளை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கும் ஆளிடம் பொறுப்பை விடுவதே சரி என்று தோன்றியது.

இடம், விளையாட்டுப் பொருள் அறை; கதவு திறந்தே இருந்தது. எதிரெதிரே உட்காராமல், பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு நடந்தது. முதலிலேயே ஓர் எல்லை சொல்லப்பட்டது: "நீ சொல்றத நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா ஹெச்.எம். சார்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றதுன்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்." பிறகு நேரடியாக: "இந்த மாதிரி நேரத்துல சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்குத் தோணியிருக்கா?"

இப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பாரம் இறங்குவதே வழக்கம். சுற்றி வளைத்து "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் மட்டும் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். கேள்வியே எந்தப் பதில் வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

இரவில் சிலசமயம் தோன்றும் என்றான். எப்படி, எப்போது என்று யோசித்ததில்லை, முயன்றதும் இல்லை. அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை நடை பற்றிய விஷயம் வந்தது. "நான் போயிருந்தா அப்பாவத் தூங்க விடாமப் பேசிக்கிட்டே வந்திருப்பேன்." உடற்கல்வி ஆசிரியர் "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று மறுக்கவில்லை. "இதைத் தினமும் ராத்திரி நீ மட்டும் நெனச்சுக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டதும் அவன் அழுதான். விபத்துக்குக் காரணம் எதிரே வந்த லாரி என்று முதல் தகவல் அறிக்கையில் இருப்பதை, இரண்டு நாள் கழித்து, அவன் கேட்டபோது காட்டினார்கள். அழுகிற நேரத்தில் ஆதாரம் காட்டினால் அது விவாதமாகிவிடும்.

அன்று அவன் தனியாக வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியையும் உடன் போனார்கள். அம்மா, மாமா, அத்தை மூவரிடமும் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அம்மாவிடம் தனியாகச் சொன்னால் அவர் தாங்குவதைப் பற்றிய கவலையும் மகன் தலையில்தான் விழும். மாட்டுக்கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தும் எலிமருந்தும் அன்று மாலையே அப்புறப்படுத்தப்பட்டன. மாத்திரைகள் பூட்டிய பெட்டிக்குள் போயின, சாவி மாமாவிடம். இதுபோன்ற எண்ணங்கள் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

மறுநாள் அவன் வார்த்தையிலேயே ஒரு பக்கப் பாதுகாப்புத் திட்டம் எழுதப்பட்டது: எது வந்தால் மோசமாகப் போகிறது என்று தெரியும், தனியாக என்ன செய்யலாம், யாருடன் எங்கே போய் இருக்கலாம், எந்தப் பெரியவரைக் கூப்பிடலாம், எந்த எண்ணுக்கு அடிக்கலாம், வீட்டில் எது கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். எண்ணாக, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416 எழுதப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதல் அழைப்பை ஆசிரியர் பக்கத்திலிருக்கும்போதே செய்து பழக்கினார்கள். தாளில் மட்டும் இருக்கும் எண்ணை நெருக்கடியில் யாரும் அடிப்பதில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாள் நான்கு நாள் தள்ளி இருந்தது. அதுவரை இரவு ஒன்பது மணிக்கு மாமாவிடமிருந்து பள்ளிக்கு ஒரு வரித் தகவல் வர ஏற்பாடாயிற்று. மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று சொல்லவில்லை. இழப்பையொட்டிய துயரம், சூழல் மாற்றத்துக்கு ஒத்துப்போவதில் உள்ள சிக்கல் என்றார்; மருந்து தரவில்லை. தூக்கத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி, மாதமொருமுறை வரச் சொன்னார். நீடித்த துயரக் கோளாறு என்று பெயரிட ஆறு மாதமாவது கடக்க வேண்டும். மூன்று மாதத்தில் அந்த முத்திரை பொருந்தாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காகித வேலையை அவன் கையிலிருந்து வாங்குவதுதான் முதல் முடிவு. இதை ஆலோசனைக்கும் முன்னால் வைத்தது பலருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கையை அம்மாவுக்குப் படித்து விளக்கியதும் அவன்தான். எந்த ஆறுதல் பேச்சும் அதை ஈடுசெய்யாது. இனி ஆவணங்கள் எல்லாம் மாமாவும் பள்ளியின் இளநிலை உதவியாளரும் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளப்பட்டது. இலவசச் சட்ட உதவி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கிடைத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் அந்த உரிமை உண்டு. விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. குடும்பத்துக்கு அது தெரியாது. வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி மாணவருக்குத் தரப்படும் ரூ.75,000 வைப்புத் தொகைக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போனது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கப்பட்டது, மாதம் ரூ.4,000, கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும்.

வயிற்றுவலிக்கு வீட்டுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, அம்மா பயணம் போகும் நாட்களில் பதினோரு மணி இடைவேளையில் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரே ஓர் அழைப்பு, இரண்டு நிமிடம். கேட்கும்போதெல்லாம் பேச விட்டால் பயம் தணியாது. அடிக்கடி உறுதிப்படுத்திக்கொள்ளும் தேவை இன்னும் வளரும். இரண்டு வாரத்துக்குப் பின் அழைப்பு மதிய உணவு வேளைக்குத் தள்ளப்பட்டது. டிசம்பரில் அம்மா வீடு திரும்பியதும் பள்ளிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பதோடு நின்றது. ஜனவரியில் அதுவும் தேவைப்படவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் உடற்கல்வி ஆசிரியருடன் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை. பேசினால் பேசலாம், இல்லாவிட்டால் கோடு மட்டும். கிழமை மாறக் கூடாது என்பதில்தான் கண்டிப்பு.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மௌன அஞ்சலி, வகுப்பில் உண்டியல் வசூல் ஆகிய இரண்டு யோசனைகளும் நல்லெண்ணத்தோடு வந்தவை; இரண்டும் கைவிடப்பட்டன. புது இடத்தில் ஒரு பையனின் முதல் அடையாளம் "அப்பா இல்லாதவன்" என்று ஆகிவிட்டால் அதைக் கழற்றுவது கடினம். யாருக்கு என்ன சொல்லலாம் என்று அவனிடமே கேட்கப்பட்டது. "ஆக்சிடென்ட்ல இறந்துட்டாரு, அதுக்கு மேல கேக்காதீங்கன்னு சொல்லிடுங்க சார்" என்றான். அவன் இல்லாத ஒரு பாடவேளையில் அப்படியே சொல்லப்பட்டது.

மாமாவிடம் பேசியதுதான் கடினம். அவர் அன்பானவர், அக்கா குடும்பத்தை முழுதாகச் சுமப்பவர். "நீதான் ஆம்பள" என்று சொல்லாதீர்கள் என்றால் குற்றம் சாட்டியதாகிவிடும். ஆகவே வேலையைப் பற்றி மட்டும் பேசப்பட்டது. டீக்கடை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும். மற்ற நாட்களில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை தூக்கம், சாப்பிட்டுவிட்டுப் பள்ளி. எல்லாப் பொறுப்பையும் பிடுங்கிவிட்டால் "நான் எதுக்கும் ஆக மாட்டேன்" என்ற எண்ணம் வரும் என்பதால், தங்கையைப் பஸ் ஏற்றிவிடும் வேலை அவனுக்கே இருந்தது. பதினாலு வயதுக்கு அது போதும்.

படிப்பில், அரையாண்டு வரை அறிவியலிலும் கணக்கிலும் குறைந்தபட்சப் பாடங்கள் மட்டும் குறித்துக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு பாடத்துக்கும் இருமொழிச் சொல்பட்டியல் ஒரு தாளில். தேர்வில் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் பள்ளி அளவில் மதிப்பெண் உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

## இடையில் நடந்தவை

நவம்பர் இறுதியில் கபடியின்போது ஒருவன் "அப்பன் இல்லாத திமிரு" என்று சொல்ல, இவன் அடித்துவிட்டான். எதிராளிக்கு உதடு கிழிந்தது. துயரத்தைக் காரணம் காட்டி விட்டுவிடுவதா, வழக்கப்படி பெற்றோரை அழைப்பதா என்று இரண்டு பக்கமும் கருத்து இருந்தது. இருவருக்கும் ஒரே தண்டனை கொடுக்கப்பட்டது: இரண்டு வாரம் விளையாட்டில்லை, மைதானப் பராமரிப்பு வேலை. சொன்னவன் வார்த்தைக்கும் அடித்தவன் கைக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டார்கள். விதியிலிருந்து இவனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால் வகுப்பு இவனை வேற்று ஆளைப் போல ஒதுக்கிவைத்திருக்கும். அம்மாவை வரச் சொல்லவில்லை. அவர் பஸ் ஏறுவதே இவனுக்குத் தண்டனை.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பள்ளியில் சமத்துவப் பொங்கல் வந்தபோது, வீட்டிலிருக்கலாம், நூலகத்தில் இருக்கலாம், கலந்துகொள்ளலாம் என்று மூன்று வழிகள் ஒரு வாரம் முன்பே சொல்லப்பட்டன. அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக் கொடுத்துவிட்டு, பொங்கல் பொங்கும் நேரத்தில் நூலகத்துக்குப் போய்விட்டான். அது தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

## விளைவு

பிப்ரவரியில் மீண்டும் எடுத்த எஸ்.டி.க்யூ.வில் ஆசிரியர் படிவம் 8, மாணவர் படிவம் 14. இரண்டும் இயல்பு வரம்புக்குள். சாகத் தோன்றுவதில்லை என்று மருத்துவரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் தனித்தனியே சொன்னான். ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. அறிவியல் மட்டும் இழுபறி. இழப்பீட்டு மனு கெடுவுக்குள் தாக்கலானது. நிதி ஆதரவுக்கு ஒப்புதல் மார்ச்சில் வந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இரவில் சாலையில் பிரேக் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்துவிடுகிறான். அம்மாவின் நிலை ஜனவரிவரை யார் கவனத்திலும் இல்லை. கணவனை இழந்தவர் சாப்பிடாமல் படுத்தே கிடப்பதை ஊர் இயல்பாக எடுத்துக்கொண்டது. மகனின் மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தபோது மருத்துவர் அவரையும் பார்த்தார். மனச்சோர்வு என்று கண்டு சிகிச்சை தொடங்கினார். மகனின் எண்ணிக்கைகள் தெளிவாக இறங்கியது அதற்குப் பிறகுதான்.

## மாற்ற வேண்டியவை

பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை எப்படித் தேறும் என்பதை, மிஞ்சியிருக்கும் பெற்றோரின் நிலைதான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே இனி இத்தகைய நிகழ்வில் அம்மாவுக்கான பரிந்துரையும் முதல் வாரத்திலேயே, பிள்ளைக்கான பரிந்துரையோடு ஒன்றாகப் போக வேண்டும்.

தங்கையின் தொடக்கப் பள்ளிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "அவ பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருக்கா" என்று விடப்பட்டாள். அந்த வயதில் துயரம் விட்டுவிட்டு வரும். காலையில் அழுத பிள்ளை பத்து நிமிடத்தில் பாண்டி ஆடும். உடன்பிறந்தார் படிக்கும் பள்ளிக்கும் அதே நாளில் தகவல் போக வேண்டும்.

மாற்றுச் சான்றிதழோடு, வகுப்பாசிரியருக்கு வகுப்பாசிரியர் பதினைந்து நிமிடம் போனில் பேசுவதை வழக்கமாக்க வேண்டும். என்ன நடந்தது, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும், யாரிடம் ஒட்டுதல், எதைக் கண்டால் கலங்குவான், எந்த வழிப் பாடம், யாரிடம் விடைபெறாமல் வந்தான். சனிக்கிழமை நடை பழைய வகுப்புத் தோழர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு போன் போதும், அந்தத் தகவல் அக்டோபர் தொடக்கத்திலேயே கிடைத்திருக்கும். மார்ச்சில் பழைய தோழர்கள் இருவரோடு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. அதை அக்டோபரிலேயே செய்யலாம்.

ஒரே ஆளை நம்பியிருக்கும் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு: பொதுமாறுதல் கலந்தாய்வு. உடற்கல்வி ஆசிரியருக்கு அந்தக் கோடையில் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் கிடைத்தது. இன்னொரு பிரிவு திடீரென்று வந்துவிடக் கூடாது என்று, அவர் கிளம்புவதற்கு முன்பே அறிவியல் ஆசிரியர் இரண்டு வெள்ளிக்கிழமை அவர்களோடு சேர்ந்து கோடு போட வந்தார். மாறுதல் விஷயத்தை உடற்கல்வி ஆசிரியரே அவனிடம் சொன்னார். இரண்டாவது ஆள் தொடக்கத்திலிருந்தே கூட இருப்பது நல்லது.

பத்தாம் வகுப்பு ஆசிரியரின் நாட்காட்டியில் இப்போது மூன்று வகைத் தேதிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன: தலைத் திவசம், மருத்துவரைப் பார்க்கும் நாள், இழப்பீட்டு வழக்கின் வாய்தா. வாய்தா நாளில் அவனுக்குத் தேர்வு வைப்பதில்லை.